ஐரோப்பா, ஆசியா காகித இறக்குமதி: இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போடலாமா?

வரைகோடு (கேள்வி)

அச்சுத்தொழில் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட கட்டுரைக்கு வரைபடம் ஒன்று தேவைப்படுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாஸ்டாட் தரவுத்தளத்தில், காகிதமும் காகித அட்டையும் சேர்ந்த தலைப்பில், இறக்குமதி எடையை 1961 முதல் எடுத்தேன். ஐரோப்பாவுக்கு ஒரு கோடு, ஆசியாவுக்கு ஒரு கோடு.

படம் என்னவோ வந்துவிட்டது. ஆனால் பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கூடுகிறது. ஐரோப்பாவின் கோடு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஆசியாவுக்கு மேலேயே ஓடுகிறது. பின்லாந்தும் ஸ்வீடனும் இருக்கிற கண்டம் அது, உலகத்துக்கே காகிதம் விற்கிற இடம். ஆசியாவில் சுமார் 470 கோடிப் பேர் இருக்கிறார்கள், ஐரோப்பாவில் 75 கோடிகூடக் கிடையாது. அப்படியிருக்க ஐரோப்பா எப்படி அதிகமாக இறக்குமதி செய்கிறது?

எடையை விட்டு டாலருக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். இல்லை, தலைக்கு எத்தனை கிலோ என்று மாற்றிவிட்டால் போதுமா? இன்னொன்று: 1992-க்குப் பிறகு நாடுகளின் பட்டியலே திடீரென்று நீண்டுவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் கோட்டை அப்படியே சேர்த்து இழுக்கலாமா? இந்தப் புள்ளிவிவரங்களோடு பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

எண்ணெழுத்து

டாலர் வேண்டவே வேண்டாம். எடையையே வைத்துக்கொண்டு மக்கள்தொகையால் வகுத்துவிடுங்கள். இரண்டு வட்டாரங்களின் அளவு இவ்வளவு வித்தியாசமாக இருக்கும்போது மொத்த டன்னை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. 1961-ஐ 100 என்று வைத்துக் குறியீடாகவும் போடலாம், வளர்ச்சி பளிச்சென்று தெரியும்.

---

பழைய ரீல்

டாலர் வேண்டாம் என்பது சரி. தலைக்கு எத்தனை கிலோ என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் படத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை அடைக்காமல் எதால் வகுத்தாலும் பிரயோஜனமில்லை.

நான் காகித வியாபாரத்தில் இறக்குமதிப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன். எங்களுக்கு இறக்குமதி என்றால் கப்பல், கன்டெய்னர், பில் ஆஃப் லேடிங், சுங்கம், அப்புறம் ரீலின் ஓரம் நசுங்கி வந்ததற்கு இன்சூரன்ஸ்காரரோடு சண்டை. உங்கள் ஐரோப்பாக் கோட்டில் இருப்பதில் பெரும்பகுதி அந்த ரகமே இல்லை. ஃபாஸ்டாட்டில் 'ஐரோப்பா' என்று வரும் வரி, அந்தக் கண்டத்து நாடுகள் ஒவ்வொன்றும் சொன்ன இறக்குமதியின் வெறும் கூட்டுத்தொகை. பின்லாந்திலிருந்து ஜெர்மனிக்குப் போகிற காகிதமும் அதில் இறக்குமதிதான். கண்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு டன்கூட வராமல் இருந்தாலும் அந்தக் கோடு ஏறிக்கொண்டே போகலாம்.

ஒரே ஒரு ரீலின் பின்னால் போய்ப் பாருங்கள். வார இதழ் அச்சடிப்பதற்கான பளபளப்புக் காகிதம், பின்லாந்து ஆலையில் சுற்றப்பட்டுக் கப்பலேறி, ஜெர்மனியின் ல்யூபெக் துறைமுகத்தில் இறங்குகிறது. ஜெர்மனியின் இறக்குமதியில் ஒரு பதிவு. அங்கே ஒரு வியாபாரி வாங்கிக் கிடங்கில் வைத்திருந்து ஆஸ்திரியாவில் உள்ள அச்சகத்துக்கு விற்கிறார். ஆஸ்திரியாவின் இறக்குமதியில் இன்னொரு பதிவு. அச்சாகி, மடித்து, பின் அடித்து, இதழாக சுவிட்சர்லாந்துக்குப் போனால் அது சுங்கப் பட்டியலின் 49-ஆம் அத்தியாயம், அதாவது அச்சிட்ட பொருள். காகிதக் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். ஆக, காகிதம் ஒன்று, பதிவு இரண்டு, எல்லை தாண்டியது மூன்று முறை. உங்கள் வரைபடம் இதில் எதைக் காட்டுகிறது?

வெளியிலிருந்து வரும் சரக்கிலும் இதே தொல்லை உண்டு. ரோட்டர்டாமில் இறங்கி ஜெர்மனிக்குப் போகிற சரக்கு நெதர்லாந்தின் இறக்குமதியாகவும் பதிவாகும், பிறகு ஜெர்மனியின் இறக்குமதியாகவும் பதிவாகும். புள்ளிவிவரக்காரர்கள் இதை 'ரோட்டர்டாம் விளைவு' என்றே சொல்வார்கள். காகிதத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது.

இப்போது ஆசியாப் பக்கம் வாருங்கள். குவாங்டாங் மாகாணத்து ஆலையிலிருந்து வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் வரை ரயிலில் போகும் காகிதம் எந்த இறக்குமதிக் கணக்கிலும் வராது, நடுவில் எல்லை இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து ல்யூபெக் அதில் பாதித் தூரம்கூட இருக்காது, ஆனால் அது இறக்குமதி. ஐரோப்பாவில் நாடுகள் சிறியவை, எண்ணிக்கை அதிகம். அதனால் ஒரு டன் காகிதம் எல்லையைத் தாண்டும் வாய்ப்பும் அதிகம். உங்கள் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கணிசமான பகுதி வேலிகளின் எண்ணிக்கைதான்.

சரி, என்ன செய்வது? எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்று இருபக்க விவரம் தரும் தரவுக்குப் போங்கள். ஐ.நா.வின் காம்டிரேட் என்ற வர்த்தகத் தரவுத்தளத்தில் அது கிடைக்கும். ஐரோப்பிய நாடுகளின் இறக்குமதியிலிருந்து, இன்னொரு ஐரோப்பிய நாட்டிலிருந்து வந்ததைக் கழியுங்கள். ஆசியாவுக்கும் அதே மாதிரி ஆசியாவுக்குள் நடந்ததைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஒரு வட்டாரம் உண்மையில் வெளியிலிருந்து வாங்கியது. என் கணிப்பு, ஐரோப்பாவின் கோடு தரைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதற்குச் சுருக்குவழியாக 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த இறக்குமதி' என்ற ஆயத்தத் தொடரை எடுத்துவிடாதீர்கள். 1995 ஜனவரி 1 அன்று ஆஸ்திரியா, பின்லாந்து, ஸ்வீடன் மூன்றும் ஒன்றியத்தில் சேர்ந்தன. டிசம்பர் 31 வரை வெளியிலிருந்து வந்த நார்டிக் காகிதம் மறுநாள் காலையில் உள்நாட்டு வியாபாரம் ஆகிவிட்டது. அதே ஆலை, அதே கப்பல், அதே அச்சகம்தான். ஆனால் அந்தத் தொடரை வைத்துக் கோடு போட்டால் ஐரோப்பா அந்த வருடம் காகிதம் வாங்குவதையே குறைத்துக்கொண்டது போலத் தெரியும். அதைப் பார்த்துக் கணினியின் வருகை என்று யாராவது விளக்கம் எழுதிவிடுவார்கள். 2004, 2007, 2013 ஆண்டுகளிலும் புது நாடுகள் சேர்ந்தன, 2020-இல் பிரிட்டன் வெளியேறியது. ஒவ்வொரு தடவையும் எல்லைக்கோடு நகர்கிறது. ஆகவே நாடுகளின் பட்டியலை நீங்களே ஒரு தடவை முடிவுசெய்து முழுக் காலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

1992 பற்றிக் கேட்டீர்கள். சோவியத் ஒன்றியம் ஃபாஸ்டாட்டில் 1991 வரை ஒரே வரி, ஐரோப்பாவின் கணக்கில். அதற்குப் பிறகு பதினைந்து நாடுகள். ரஷ்ய ஆலையிலிருந்து உக்ரைனுக்குப் போன நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் காகிதம்) முன்பு உள்நாட்டுச் சரக்கு, பிறகு இறக்குமதி. கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் ஆசியா வரிக்குப் போய்விட்டன. அதாவது, உடைந்தது ஒரு நாடு, பாதித்தது உங்கள் இரண்டு கோடுகளையும். யுகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாகியா கதையும் இதேதான். இதோடு 1993-இல் ஒன்றிய நாடுகளுக்கு நடுவே சுங்கச் சாவடியே எடுக்கப்பட்டது. சுங்கத் தாளுக்குப் பதிலாக, நிறுவனங்களே மாதாமாதம் தெரிவிக்கும் இன்ட்ராஸ்டாட் முறை வந்தது. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வியாபாரம் செய்பவர்கள் தெரிவிக்கவே வேண்டாம். ஆக 1992-க்கும் 1993-க்கும் நடுவே அளவுகோலே மாறிவிட்டது. கோட்டை அங்கே வெட்டிவிடுங்கள். இடைவெளி விட்டுப் போட்ட கோடு அசிங்கமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

டாலர் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2000-இன் பிற்பகுதியில் ஒரு யூரோ 85 அமெரிக்க சென்டுக்கும் கீழே கிடந்தது. 2008-இன் நடுவில் 1.60 டாலரைத் தொட்டது. யூரோவில் விலை நிர்ணயித்த அதே சரக்கு, டாலர் கணக்கில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒரு ரீல்கூட அதிகமாக வரவில்லை.

---

கூழ்ப்பானை

மேலே சொன்னதோடு ஆலைக்காரன் பக்கத்திலிருந்து ஒன்று. நீங்கள் தேடுவது காகிதத்தையா, காகிதம் செய்யும் நாரையா?

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் காகிதம் செய்த நாடு. அதன் காகித இறக்குமதியோ அந்த உற்பத்திக்கு முன்னால் சிறிய தொகை. காரணம், அவர்கள் மரச்சில்லாகக் கப்பலில் கொண்டுவந்து உள்ளே கூழாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் கோட்டில் ஜப்பான் அநேகமாகத் தெரியவே தெரியாது.

சீனா இன்னும் வேடிக்கை. 2016-இல் அது இறக்குமதி செய்த பழைய காகிதம் மட்டும் சுமார் 2.8 கோடி டன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகச் சேர்த்த பழைய அட்டைப்பெட்டிகள்தான் அதில் பெரும்பங்கு. அதைக் கரைத்து, மறுபடி அட்டையாக்கி, பெட்டி செய்து, அதற்குள் தொலைக்காட்சியும் செருப்பும் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெட்டி ஐரோப்பாவுக்குள் நுழையும்போது எந்தக் கணக்கு? தொலைக்காட்சிக் கணக்கு. காகிதமாக அதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

2017 ஜூலையில் சீனா உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிப்புக் கொடுத்தது. 2018 தொடக்கத்திலிருந்து தரம் பிரிக்காத பழைய காகிதம் உள்ளே வரக்கூடாது. மார்ச் முதல், பிரித்த கட்டிலும் கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பேல் கட்டிய பழைய அட்டையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த 0.5 என்றால் என்னவென்று தெரியும். கம்பிக்கட்டை அறுத்ததும் பாலித்தீன் உறை, பிசின் நாடா, தெர்மோகோல் துண்டு, ஈரத்தில் ஊறிப்போன பீட்சா அட்டை என்று கொட்டும். கையால் பிரித்தாலும் அந்த அளவைத் தொடுவது கஷ்டம். 2021-இல் கழிவுப்பொருள் இறக்குமதியே மொத்தமாகத் தடை.

அதன் பிறகு என்ன ஆயிற்று? நார் வேறு உருவத்தில் வர ஆரம்பித்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஆலை போட்டு, பழைய காகிதத்தை அங்கேயே கரைத்து, மறுசுழற்சிக் கூழாகவும் அட்டை ரீலாகவும் சீனாவுக்குள் கொண்டுவந்தார்கள். 2020-இல் சீனாவின் காகித, அட்டை இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைவிட வெகுவாக அதிகம். உங்கள் ஆசியாக் கோட்டில் அந்த இடத்தில் ஓர் ஏற்றம் தெரிந்தால், சீனர்கள் திடீரென்று அதிகமாகக் காகிதம் பயன்படுத்தினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அதுவரை கழிவுக் கணக்கில் வந்தது காகிதக் கணக்குக்கு இடம் மாறியதும் அதில் சேர்த்தி.

என்னைக் கேட்டால் மரக்கூழ், பழைய காகிதம், காகிதம் மூன்றுக்கும் தனித்தனிப் படம் போடுவேன். ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டாதீர்கள், கூழாக்கும்போது பழைய காகிதத்தில் ஒரு பங்கு சேறாகப் போய்விடும். டன்னுக்கு டன் சமம் ஆகாது.

---

வரைகோடு

இருவருக்கும் நன்றி. கேட்டது ஒரு படம், வந்தது ஒரு பாடத்திட்டம்!

காம்டிரேடில், சுங்கப் பட்டியலில் காகிதத்துக்கான 48-ஆம் அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் போதுமா? ஃபாஸ்டாட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முயன்றேன், தொகை ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. அப்புறம், ஹாங்காங்கை என்ன செய்வது? அந்தச் சின்ன ஊர் 1990-களில் இவ்வளவு காகிதத்தை என்னதான் செய்தது?

---

பழைய ரீல்

கூழ்ப்பானை சொன்னதுதான் சரி. மூன்று படமாகப் போடுங்கள், என் பதிலில் அது விட்டுப்போன பகுதி.

48-ஆம் அத்தியாயம் முழுக்க வேண்டாம். அதில் காகிதமும் இருக்கிறது, காகிதத்தால் செய்த சாமான்களும் இருக்கின்றன. 4801 நியூஸ்பிரிண்ட், 4802 எழுதவும் அச்சடிக்கவும் ஆன பூச்சில்லாத காகிதம், 4804 கிராஃப்ட் (பெட்டிக்கும் பைக்கும் ஆகும் உறுதியான காகிதம்), 4810 பூச்சுக் காகிதம். இவையெல்லாம் ரீலாகவோ ஷீட்டாகவோ வருபவை. 4818-இல் கழிப்பறைக் காகிதம், கைக்குட்டை. 4819-இல் பெட்டியும் பையும். 4820-இல் நோட்டுப் புத்தகம், பதிவேடு. இந்தப் பின்வரிசைச் சாமான்களை ஃபாஸ்டாட்டின் 'காகிதமும் காகித அட்டையும்' சேர்ப்பதில்லை. அதனால்தான் உங்களுக்குத் தொகை ஒத்துவரவில்லை. 4707 பழைய காகிதம், அது 47-ஆம் அத்தியாயத்தில் கூழோடு இருக்கிறது. எச்.எஸ். என்ற உலகப் பொதுச் சுங்க வகைப்பாட்டின் இந்த எண்களே 1988-இல் தொடங்கியவை. அதற்கு முந்தைய காலத்துக்கு எஸ்.ஐ.டி.சி. என்ற பழைய வகைப்பாட்டில் 641 என்ற பிரிவைப் பாருங்கள். ஆனால் இரண்டையும் ஒட்டும்போது ஒட்டிய இடத்தைப் படத்தில் காட்டிவிடுங்கள்.

ஹாங்காங் காகிதத்தை ஒன்றும் செய்யவில்லை, பாதிக்குமேல் கையில் வாங்கிக் கையில் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குவாங்டாங்கில் இருந்த அச்சகங்களுக்கும் பெட்டித் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு அந்த வழியாகத்தான் போனது. ஹாங்காங்கின் இறக்குமதியில் ஒரு தடவை, சீனாவின் இறக்குமதியில் இன்னொரு தடவை. ரோட்டர்டாமின் ஆசியச் சகோதரன். நல்லவேளை, ஹாங்காங் தன் மறு ஏற்றுமதியைத் தனியாகவே பதிவுசெய்து வெளியிடும். அதைக் கழித்துவிடுங்கள். சிங்கப்பூருக்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி. ஃபாஸ்டாட்டில் 'சீனா' என்று ஒரு வரி இருக்கும், 'சீனப் பெருநிலம்' என்று வேறொரு வரி இருக்கும். முதல் வரியில் பெருநிலம், ஹாங்காங், மக்காவ், தைவான் நான்கும் அடக்கம். நாடுகளின் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் அடித்துக் கூட்டினால் சீனா இரண்டு தடவை வந்துவிடும். ஆசியாவின் மொத்தம் ஒரேயடியாக எகிறியிருந்தால் முதலில் இங்கே பாருங்கள். பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் 1999 வரை சேர்ந்தே வரும், அது சின்ன விஷயம்.

தலைக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி. இறக்குமதியை மக்கள்தொகையால் வகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெழுத்து கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைக்கு எவ்வளவு காகிதம் செலவாகிறது என்று தெரிய வேண்டுமானால் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்து, அதை வகுக்க வேண்டும். வெறும் இறக்குமதியை வகுத்தால் வருகிற எண்ணுக்குப் பெயரே கிடையாது. ஜப்பானியர் காகிதமே தொடாதவர் என்றும், ஹாங்காங்வாசி காகிதத்தையே தின்று வாழ்கிறவர் என்றும் ஆகிவிடும். இறக்குமதியை எதனோடாவது ஒப்பிட ஆசை என்றால், மொத்தப் பயன்பாட்டில் இறக்குமதி எத்தனை சதவீதம் என்று போடுங்கள். சீனா 2007 வாக்கில் காகிதத்தில் வாங்குவதைவிட விற்பது அதிகமான நாடாக மாறியது. அந்தத் திருப்பம் இந்தச் சதவீதக் கணக்கில்தான் தெரியும், தலைக்குக் கிலோவில் புதைந்துவிடும். குறியீட்டுப் படமும் ஜாக்கிரதை. 1961-இல் ஆசியாவின் அடித்தொகை சிறியது, 100-இலிருந்து தொடங்கினால் அது ராக்கெட் மாதிரி போகும். இரண்டு கோட்டையும் மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் ஒரே மடங்காக ஏறும் அளவில்) போடுவது அதைவிட நேர்மை.

எடையும் முழுக்க அப்பாவி இல்லை. நியூஸ்பிரிண்ட் ஒரு காலத்தில் சதுர மீட்டருக்கு 52 கிராம். பிறகு 48.8, 45 என்று மெலிந்துகொண்டே வந்தது. 52 கிராமில் ஒரு டன் என்றால் சுமார் 19,200 சதுர மீட்டர், 45 கிராமில் 22,200. அதே ஒரு டன்னில் கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடுதல் பரப்பு. எடை அசையாமல் நின்ற ஆண்டுகளிலும் அச்சான பக்கங்கள் கூடியிருக்கலாம். உங்கள் கட்டுரை அச்சுத்தொழில் பற்றியது என்பதால் சொல்கிறேன், கிராஃப்ட் அட்டைக்காரர்களுக்கு இது பெரிய கவலை இல்லை.

---

வரைகோடு

1961-இலிருந்து இருபக்க விவரம் எல்லா நாடுகளுக்கும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய ரீல்

1997-இலிருந்து தொடங்குங்கள். ஃபாஸ்டாட்டிலேயே வனப்பொருள் வர்த்தகத்துக்கு நாட்டுக்கு நாடு அட்டவணை அந்த ஆண்டிலிருந்துதான் இருக்கிறது. சோவியத் குழப்பம், சுங்கச் சாவடி மாற்றம், 1995 இணைப்பு எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டன. 1961 முதலான மொத்தக் கோட்டைப் பின்னணிக்காகச் சின்னதாகத் தனியே போட்டு, 'வட்டாரத்துக்குள் நடந்த வியாபாரமும் சேர்ந்தது' என்று அடியில் எழுதிவிடுங்கள்.

எண்களை இறக்கும்போது பக்கத்தில் வரும் குறியீட்டு நிரலையும் சேர்த்து இறக்குங்கள். எது நாடு சொன்னது, எது மதிப்பீடு என்று அதில்தான் இருக்கும். ஒரு நாட்டின் தொகை வருடக்கணக்கில் அச்சு மாறாமல் ஒரே எண்ணாக வந்தால், முந்தைய ஆண்டின் எண்ணையே திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட நாட்டுக்கு, விற்ற நாடுகளின் ஏற்றுமதிப் பதிவை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது நிஜத்துக்கு அருகில் இருக்கும். 2005-இல் ஐரோப்பாவுக்குள் ஒரு பள்ளம் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அந்த மே, ஜூனில் பின்லாந்துக் காகித ஆலைகள் கதவடைப்பில் கிடந்தன.